காப்புச் சத்தம்

தென்காசியில் பஸ் மாறி, குற்றாலம் ரோட்டில் அந்த நர்சிங் ஹோம் வாசலில் தங்கபுஷ்பம் இறங்கியபோது சாரல் பிடித்துக்கொண்டது. ஆனி மாதத்துச் சாரலை மழை என்றும் சொல்ல முடியாது, வெறும் காற்று என்று விடவும் முடியாது. குடையை விரிப்பதற்குள் புதிதாகத் தைத்த வெள்ளைச் சுடிதாரின் தோள்பட்டை நனைந்துவிட்டது. அவள் முன்பு வேலை பார்த்த காலத்தில் வெள்ளைச் சேலை, தலையில் தொப்பி. இப்போது தொப்பியும் இல்லை, சேலையும் இல்லை. போகட்டும், நோயாளிகளாவது பழைய மாதிரி இருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

ரோட்டோரம் மங்குஸ்தான் பழக்கூடைகள், மிளகாய் பஜ்ஜி பொரியும் வாசனை, துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு அருவிக்குப் போகிற கூட்டம். எதிரே நர்சிங் ஹோம். ஒரு காலத்தில் சீசனுக்கு வருகிற பணக்காரர்கள் தங்கிய பங்களா அது. உயரமான ஓட்டுக் கூரை, பாசி பிடித்த சுவர், மாடிக்கு மரப்படி. அருவியில் தண்ணீர் கூடுதலாக விழுகிற நாளில் இரைச்சல் இங்கே வரைக்கும் கேட்கும். பகலிலேயே உள்ளே விளக்குப் போட்டிருந்தார்கள்.

படியேறும்போது ஃபினாயில் நெடி அடித்தது. அதற்குக் கீழே ஈர மரத்தின் வாடை. அதற்கும் கீழே இன்னொரு வாசனை இருந்தது. கற்பூரம் போட்டுக் காய்ச்சிய தேங்காய் எண்ணெய்.

தங்கபுஷ்பம் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் நின்றாள். பிறகு, நம் மூக்குக்கு இனிமேல் எங்கே போனாலும் அந்த வாசனைதான் வரும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மேலே போனாள்.

மாடி வார்டுக்கு இன்சார்ஜ் ஹைருன் பீவி. தங்கபுஷ்பத்தைவிட வயதில் சின்னவள். ஆனாலும் வார்டில் அவள் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. பதினாலு வருஷம் கழித்து வேலைக்குத் திரும்புகிறவள் என்று தெரிந்ததும் அவள் முகம் சுளிக்கவில்லை. மறந்ததெல்லாம் ஒரு மாதத்தில் வந்துவிடும், பயந்தால்தான் வராது என்றாள்.

சித்திரமும் கைப்பழக்கம் என்பார்கள். பழக்கம் விட்டுப்போன கைக்கு என்ன செய்வது என்று யாரும் சொல்லி வைக்கவில்லை. முதல் வாரம் தங்கபுஷ்பம் படாத பாடு பட்டாள். நரம்பில் ஊசி ஏற்றப் போனால் கை நடுங்கியது. ஒரு அம்மாவின் புறங்கை பலாப்பழம் போல வீங்கிவிட்டது. மருந்து ஏற்றும் மெஷின் ஒன்று கண்டதற்கெல்லாம் கூவியது. பாதரச தெர்மாமீட்டரைத் தேடினால், வேலைக்கு வந்திருக்கும் சின்னப் பெண்கள் அப்படி ஒன்றைப் பார்த்ததே இல்லை என்றார்கள். ஆனால் ஒரு வேலையில் மட்டும் அவளை யாரும் மிஞ்ச முடியவில்லை. எழுந்திருக்க முடியாதவர்களைப் புரட்டிப் படுக்கவைப்பது. எத்தனை கனத்த உடம்பானாலும் வலிக்காமல், போர்வை கலையாமல் திருப்பிவிடுவாள். இதை எங்கே கற்றீர்கள் என்று ஒருத்தி கேட்டாள். வீட்டில் என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள்.

முதல் வாரத்திலேயே ஒரு தப்பும் நடந்தது. கீழ் வார்டிலிருந்து குணமாகி வீட்டுக்குக் கிளம்பிய கடைக்காரர் ஒருவரை வாசல்வரை கூட்டிக்கொண்டுபோய், ஆட்டோவில் ஏற்றிவிட்டு, "போயிட்டு வாங்க அண்ணாச்சி" என்றாள். அவர் ஒரு காலை ஆட்டோவுக்குள் வைத்தபடி திரும்பி, "ஏம்மா, நான் திரும்பவும் வரணுமாக்கும்?" என்று கேட்டார். வாசலே சிரித்தது. ஹைருன் சிரிக்கவில்லை. ஓரமாகக் கூப்பிட்டாள்.

"அக்கா, இங்கன யாரையும் போயிட்டு வாங்கன்னு சொல்லப்படாது. நாமளும் டூட்டி முடிஞ்சு போகும்போது யாருகிட்டயும் வாரேன்னு சொல்லப்படாது. சாவு வீடு மாதிரின்னு வச்சுக்கிடுங்க. பேசாம இறங்கிப் போயிரணும்."

தங்கபுஷ்பத்துக்கு இது தெரியாததல்ல. நர்சிங் படித்த காலத்தில் முதலில் சொல்லித்தந்ததே இதுதான். ஆனால் பதினாலு வருஷமாக அவள் வாயில் வேறு பழக்கம் ஏறிவிட்டிருந்தது.

அவளுக்கு ஒரே மகள், வேல்விழி. பிரசவத்தில் மூச்சுத் திணறிப் பிறந்த பிள்ளை. கை கால் விறைப்பு, பேச்சு வரவில்லை, கழுத்து நிற்கவில்லை. வலது கை மட்டும் அசையும். மடியில் வைத்து வளர்க்க முடிகிறவரை வளர்த்தார்கள். அதற்குப் பிறகு, ஆஸ்பத்திரிகளில் இருக்குமே, இரண்டு பக்கமும் கம்பி வைத்த இரும்புக் கட்டில், அதை வாங்கிச் சுரண்டை வீட்டில் ஜன்னலோரம் போட்டார்கள். பிள்ளையின் வலது கையில் ஒரு வெள்ளிக் காப்பு. கட்டில் கம்பியில் காப்பு ஒரு தடவை தட்டினால், அம்மாவைக் கூப்பிடுகிறாள். இரண்டு தடவை தட்டினால், சரி.

இதுதான் அவர்கள் இருவருக்கும் பாஷை. தங்கபுஷ்பம் குழாயடிக்குப் போனாலும் கடைக்குப் போனாலும் கட்டிலருகே நின்று, "அம்மா இந்தா வாரேன், இரு" என்பாள். டக் டக் என்று பதில் வந்த பிறகுதான் காலை எடுத்து வைப்பாள். பதில் வராவிட்டால் போகமாட்டாள். கற்பூர எண்ணெய் தேய்த்து, வேளை தவறாமல் புரட்டிப்போட்டு, அந்த உடம்பில் ஒரு படுக்கைப் புண் வரவிடாமல் காத்தாள். கணவன் மாரிச்செல்வம் ராணுவத்தில். விடுமுறைக்கு வரும்போது மகளைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவைச் சுற்றிக் காட்டுவான். பிள்ளைக்கு வாயின் இடது ஓரம் மட்டும் கோணிக்கொண்டு சிரிப்பு வரும். அந்தச் சிரிப்புக்கு அவர்கள் எதையும் கொடுத்திருப்பார்கள்.

போன ஐப்பசியில் சளி கட்டி, ஒரு சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்தில் வேல்விழி போய்விட்டாள்.

பிள்ளையைக் குளிப்பாட்டி, அந்தக் காப்போடு தூக்கிக்கொண்டு போனார்கள். அந்த நேரத்தில் வாரேன் என்று யாரும் சொல்லக்கூடாது. தங்கபுஷ்பம் மட்டும் வாசலில் நின்று, பழக்கத்தில், "அம்மா இந்தா வாரேன், இரு" என்று சொல்லிவிட்டாள்.

பக்கத்து வீட்டுக்காரி ஓடிவந்து அவள் வாயைப் பொத்தினாள். "ஏட்டி, என்ன வார்த்த சொல்லுத?" என்று காதில் அதட்டினாள். சொன்ன சொல் சொன்னதுதான்.

துக்கம் கேட்க வந்தவர்கள், உனக்கும் விடுதலை, பிள்ளைக்கும் விடுதலை என்றார்கள். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்கள். விடுதலை கேட்டது யார் என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. மாரிச்செல்வம் காரியங்கள் முடிந்ததும் அந்த அறையைக் காலி செய்துவிட்டு எல்லைக்குத் திரும்பினான். கட்டில் எங்கே போனது என்று அவள் கேட்கவில்லை. கேட்க வாய் வரவில்லை. தூங்கிக்கொண்டிருக்கும்போது அவள் கை தானாக எழுந்து, பக்கத்தில் இல்லாத உடம்பைப் புரட்டப் போகும். இப்படியே இருந்தால் மூளை கலங்கிவிடும், பழைய வேலைக்குப் போ என்று மாரிச்செல்வம்தான் போனில் மல்லுக்கட்டினான். நர்சிங் கவுன்சிலில் அவள் பதிவை ஆன்லைனில் புதுப்பித்துக் கொடுத்ததும் அவனே. இப்படியாகத்தான் அவள் இந்த மாடிப்படியை ஏறினாள்.

இரண்டாவது வாரம், ஒரு சாயங்காலம். சாரல் ஓடுகளில் விழுந்துகொண்டிருந்தது. தங்கபுஷ்பம் வார்டின் முனையில் மருந்து எடுத்துக்கொண்டிருந்தாள்.

டக்.

"இந்தா வந்துட்டேன்" என்று குரல் கொடுத்துவிட்டாள்.

வார்டே திரும்பிப் பார்த்தது. யாரும் கூப்பிடவில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சும்மாவா சொன்னார்கள் என்று நினைத்து, சமாளித்துச் சிரித்தாள். சத்தம் வந்த திசையில் ஜன்னலோரக் கட்டில் இருந்தது. அதில் பண்பொழியிலிருந்து பித்தப்பை ஆபரேஷனுக்கு வந்த பெரியம்மா ஒருத்தி படுத்திருந்தாள். காலையில் ஊர்க்கதையெல்லாம் பேசியவள். இப்போது கழுத்து ஜன்னல் பக்கம் சாய்ந்து கிடந்தது. நாக்கு புரளவில்லை. இடது கை மார்போடு மடங்கிவிட்டது. வலது கை மட்டும் எழுந்து, மோதிரம் போட்ட விரலால் கம்பியைத் தட்டியது.

பக்கவாதம் என்று பதறி, ஆம்புலன்ஸில் திருநெல்வேலிக்கு அனுப்பினார்கள். ஆலங்குளம் தாண்டுவதற்குள் பெரியம்மா எழுந்து உட்கார்ந்து காப்பி கேட்டாளாம். டாக்டரம்மா சர்க்கரை இறங்கியிருக்கும் என்றாள். வார்டில் எல்லாரும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். தங்கபுஷ்பத்துக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கழுத்து சாய்ந்த விதம் அவளுக்குத் தெரியும்.

மறுநாள் சாயங்காலம், பக்கத்தில் ஆள் இல்லாத நேரம் பார்த்து ஜன்னலோரக் கட்டிலுக்குப் போனாள். புதிதாக வெள்ளைப் பெயின்ட் அடித்திருந்தது. பக்கவாட்டுக் கம்பியின் அடியில் விரலை ஓட்டினாள். சுரண்டை வீட்டில் ஒரு தடவை வேல்விழியின் கட்டில் கம்பி விட்டுப்போனபோது, தையல் மெஷின் ஸ்குரூ ஒன்றை வைத்து, செம்புக் கம்பியால் அவளே இறுக்கிக் கட்டியிருந்தாள்.

பெயின்டுக்கு அடியில் கட்டு இருந்தது.

ஸ்குரூவும் இருந்தது.

கம்பியின் மேல்பக்கம் ஒரே இடத்தில் மட்டும் பெயின்ட் சில்லுச் சில்லாக உரிந்து, இரும்பு தெரிந்தது. காப்புப் பட்டுப் பட்டுத் தேய்ந்த இடம்.

ஹைருனிடம் விசாரித்தாள். சீசன் கூட்டத்துக்குக் கட்டில் பற்றவில்லை, பழைய இரும்புக் கடையில் வாங்கிப் பெயின்ட் அடித்தோம் என்றாள். மாரிச்செல்வத்துக்குப் போன் போட்டு, "கட்டில எங்கன குடுத்திய?" என்று கேட்டாள். தென்காசியில் பழைய இரும்புக் கடையில் போட்டதாகச் சொன்னான். வீட்டில் வைத்திருந்தால் நீயும் அதில் போய்ப் படுத்துக்கொள்வாய் என்று பயமாக இருந்தது என்றும் சொன்னான். அவன் அழுகிற சத்தம் அவளுக்குக் கேட்டது. அவள் அழவில்லை. பல மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவளுக்குப் பசித்தது.

அதற்குப் பிறகு அவள் செய்ததைத் தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பெற்றவர்கள் சொல்லட்டும். கட்டிலின் கைப்பிடி பழுது, நோயாளியைப் போடவேண்டாம் என்று ஒரு பொய் சொல்லி, அதைக் காலியாகவே வைத்திருந்தாள். தினமும் விரிப்பு மாற்றினாள். டூட்டிக்கு நடுவே அருகில் போய், இன்றைக்கு அருவியில் தண்ணீர் எப்படி, பஸ்ஸில் யார் சண்டை போட்டார்கள் என்று மெதுவாகச் சொல்லுவாள். கற்பூர எண்ணெய் வாசனை மெல்லக் கிளம்பும். கிளம்புகிற நேரம் குனிந்து, "அம்மா போயிட்டு வாரேன், இரு" என்பாள்.

டக் டக்.

அவள் முகத்தில் களை வந்தது. ஊசி போடும் கை நடுக்கம் நின்றது. அக்காவுக்கு வேலை ஒத்துக்கொண்டது என்று வார்டில் பேசிக்கொண்டார்கள்.

பிறகு காய்ச்சல் பரவியது. தங்கபுஷ்பம் வார விடுமுறையில் இருந்த நாளில் கீழும் மேலும் கட்டில் நிரம்பிவிட்டது. அவள் திரும்பி வந்தபோது ஜன்னலோரக் கட்டிலில் ஒரு சிறுமி இருந்தாள். நஸீபா என்று பெயர். தென்காசிப் பிள்ளை, அப்பா துபாயில். டெங்கு என்று சேர்த்திருந்தார்கள். காய்ச்சல் இறங்கிக்கொண்டிருந்தது, ரத்த அணுக்களும் ஏறுமுகம். அவளுடைய உம்மா காலடியில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள்.

வேறு கட்டிலுக்கு மாற்றலாம் என்று தங்கபுஷ்பம் கேட்டுப் பார்த்தாள். மாற்ற ஒரு கட்டில்கூட இல்லை. ட்ரிப் பாட்டிலைச் சரிபார்க்கும்போது நஸீபா அவள் ஓவர்கோட்டைப் பிடித்து இழுத்தாள்.

"சிஸ்டர், இந்த அக்காவ கொஞ்சம் தள்ளிப் படுக்கச் சொல்லுங்க."

"எந்த அக்கா?"

"இங்கன படுத்திருக்காள்ல. எங்கைய விட மாட்டுக்கா. அவ கை ரொம்பக் குளிருது."

உம்மா, காய்ச்சலில் பிதற்றுகிறாள் என்று தலையில் அடித்துக்கொண்டாள். தங்கபுஷ்பம் நஸீபாவின் வலது கையைத் தொட்டுப் பார்த்தாள். உடம்பெல்லாம் சூடு, அந்த உள்ளங்கை மட்டும் சில்லென்று இருந்தது.

மறுநாள் நஸீபா பேசவில்லை.

அதற்கு அடுத்த நாள் இடது கை மடங்கியது. கழுத்து ஜன்னல் பக்கம் சாய்ந்தது. டாக்டரம்மா ரத்தம் எடுத்துப் பார்த்தாள், திருநெல்வேலிக்குப் போன் போட்டாள். எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, பிள்ளை மட்டும் சரியாக இல்லை. ஆம்புலன்ஸுக்குச் சொல்லியிருந்தார்கள். அன்று ஞாயிற்றுக்கிழமை. சீசன் கூட்டத்தில் வண்டி தென்காசியைத் தாண்ட முடியாமல் நின்றது.

தங்கபுஷ்பம் கஞ்சிக் கிண்ணத்தோடு கட்டிலருகே போனாள். நஸீபா அவளைப் பார்த்தாள். வாயின் இடது ஓரம் கோணியது.

அந்தச் சிரிப்பு.

கிண்ணத்தைக் கீழே போட்டுவிடாமல் பிடித்துக்கொண்டாள். தாடையை இரண்டு விரலால் தாங்கி, கழுத்தைக் கொஞ்சம் உயர்த்தி, பழைய மாதிரி ஒரு மடக்குக் கொடுத்தாள். பிள்ளை விழுங்கியது. இன்னொரு மடக்கு. "சூடா இருக்கா?" என்று கேட்டாள். வலது கை எழுந்து கம்பியில் இரண்டு தடவை தட்டியது. நஸீபாவின் கையில் வளையலோ காப்போ கிடையாது. ஆனாலும் கேட்டது வெள்ளிக் காப்புச் சத்தம். தங்கபுஷ்பத்துக்கு உலகமே மறந்துபோயிற்று. உடம்பு வேறாக இருந்தால் என்ன, என் பிள்ளை எனக்குத் திரும்பி வந்துவிட்டது என்று அந்த நேரத்தில் அவள் மனது கூத்தாடியது. அதை மறைத்துச் சொல்லி ஒரு பயனும் இல்லை.

கிண்ணம் காலியானபோது உம்மா மெல்லிய குரலில் சொன்னாள்.

"சிஸ்டர், உங்களப் பாத்தா மட்டும் எம் புள்ள சிரிக்குது. என்னப் பாத்தா யாருன்னே தெரியல அதுக்கு."

அவள் மகளின் பாதங்களைத் தன் முந்தானையில் சுற்றி, தேய்த்துக்கொண்டே இருந்தாள். தேய்த்தால் சூடு வரும், சூடு வந்தால் அசையும் என்று நம்புகிற தேய்ப்பு. அதைத் தங்கபுஷ்பம் பதினாலு வருஷம் செய்திருக்கிறாள். கிண்ணத்தைக் கொண்டுபோய்க் கழுவும் இடத்தில் குழாயைத் திறந்துவிட்டு, சத்தம் வெளியே கேட்காமல் அழுதாள்.

திரும்பி வந்தபோது வார்டு பரபரத்துக்கொண்டிருந்தது. ஆம்புலன்ஸ் இன்னும் வரவில்லை, காரிலாவது கொண்டுபோகலாம் என்று நஸீபாவைத் தூக்கப் பார்த்திருக்கிறார்கள். பிள்ளையின் வலது கை கட்டில் கம்பியைப் பிடித்திருந்தது. ஹைருனும் இரண்டு நர்சுகளும் சேர்ந்தும் விரலைப் பிரிக்க முடியவில்லை. தூக்கத் தூக்க, இடது கை விரலில் மாட்டியிருந்த பேட்டரி மெஷினில் நாடித்துடிப்பு இறங்கிக்கொண்டே வந்தது. கீழே படுக்கவைத்தால் ஏறுகிறது. தூக்கினால் இறங்குகிறது.

கரண்டு போயிற்று.

ஜெனரேட்டர் எடுக்கவில்லை. ஜன்னல் வழியாக மழைச் சாயங்காலத்தின் சாம்பல் வெளிச்சம் மட்டும் வந்தது. கற்பூர எண்ணெய் வாசனை இப்போது எல்லாருக்கும் வந்தது. உம்மா துண்டால் மூக்கை மூடிக்கொண்டாள். சின்ன நர்சு ஒருத்தி சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

கம்பியைப் பிடித்திருந்த சின்ன விரல்களுக்குப் பக்கத்தில், பெயின்ட் உரிந்த இடத்தில், யாரும் தொடாமலே சத்தம் வந்தது.

டக்.

ஹைருன் வாய்க்குள் ஓதத் தொடங்கினாள்.

டக்.

பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல் என்பார்கள். அன்றைக்குக் கல்லாக வேண்டியிருந்தது பெத்த மனம். தங்கபுஷ்பம் கட்டிலருகே மண்டியிட்டு, பிள்ளையின் காதில் வாயை வைத்தாள்.

"விழி, கைய விடு தாயி. அது அந்தம்மாவோட புள்ள."

விரல்கள் இன்னும் இறுகின. மெஷினில் எண் இறங்கியது.

"அம்மா அன்னைக்கு வாரேன்னு சொன்னேன்லா. அது பொய்யி. நான் வரமாட்டேன். எனக்காக நீ இருக்காத."

ஒரு விரல் பிரிந்தது. வாழ்நாளில் யாரைப் பார்த்தும் தங்கபுஷ்பம் சொல்லியிராத வார்த்தையை, கடைசியில் ‘வா’ என்று சேர்க்காமல் சொன்னாள்.

"போ."

விரல்கள் ஒவ்வொன்றாக விட்டன. ஹைருன் நஸீபாவை வாரி எடுத்தாள். எண் ஏறியது. தங்கபுஷ்பம் எழுந்தாள். ஒரு வார்த்தை சொல்லாமல், கட்டிலைப் பார்க்காமல், சாவு வீட்டிலிருந்து கிளம்புகிற மாதிரி நடந்தாள்.

டக்.

காலியான கட்டில் கூப்பிட்டது. அவள் நிற்கவில்லை.

டக். உடனே இன்னொரு டக் வந்திருந்தால் ‘சரி’ என்று எடுத்துக்கொண்டிருக்கலாம். வரவில்லை. ஒரு தட்டு, கொஞ்சம் காத்திருப்பு, மறுபடி ஒரு தட்டு. பதினாலு வருஷத்தில் இந்த ஒற்றைத் தட்டுக்கு அவள் எழுந்து ஓடாத நாள் கிடையாது. அடுப்பில் பால் பொங்கினாலும் ஓடியிருக்கிறாள். இப்போது கையால் வாயைப் பொத்திக்கொண்டு மரப்படியில் இறங்கினாள். தட்டு வேகமாகிக்கொண்டே வந்தது. அவள் வாசலைத் தாண்டி, சாரலில் நனைந்து, கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றபோது சத்தம் நின்றது.

மேலே ஒரு பிள்ளை, "உம்மா" என்று வீறிட்டு அழுதது.

மறுநாளே ஹைருன் ஆள் வைத்து அந்தக் கட்டிலைத் துண்டு துண்டாக அறுக்கச் சொல்லிவிட்டாள். காரணம் யாரும் கேட்கவில்லை. தங்கபுஷ்பத்திடம் அவள் எதையும் விசாரிக்கவில்லை. டீ வாங்கி வந்து கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நஸீபா இரண்டு நாளில் வார்டையே கலக்கிக்கொண்டு ஓடித் திரிந்தாள். அவளை வீட்டுக்கு அனுப்பிய அன்று தங்கபுஷ்பம்தான் கையிலிருந்த பிளாஸ்திரியை வலிக்காமல் பிரித்தாள்.

"அந்த அக்கா அழுதா சிஸ்டர்" என்று நஸீபா ரகசியமாகச் சொன்னாள்.

தங்கபுஷ்பம் பஞ்சை எடுத்து ஊசி குத்திய இடத்தில் அழுத்தினாள். "பெறவு எங்கன போனா?"

"உங்க பின்னாலதான் படி இறங்கிப் போனா. நடக்கத் தெரியல அவளுக்கு. கம்பியப் புடிச்சுப் புடிச்சு இறங்குனா."

பிள்ளைகள் ஆயிரம் சொல்லும். உம்மாவும் மகளும் ஆட்டோவில் ஏறும்போது தங்கபுஷ்பம் "பத்திரமா போங்க" என்று மட்டும் சொன்னாள். அன்று சுரண்டை வீட்டுக்குத் திரும்பியதும் எல்லா விளக்கையும் போட்டாள். அறை அறையாகப் போய் நின்று பார்த்தாள். எண்ணெய் வாசனை இல்லை. எந்தச் சத்தமும் இல்லை. ஜன்னலோரம் கட்டில் கிடந்த இடத்தில் நாலு கால்களின் தடம் மட்டும் தரையில் இருந்தது. அதன் நடுவே பாயை விரித்துப் படுத்தாள். போகச் சொன்னால் போய்விடுகிற பிள்ளைதான் என் பிள்ளை, சொன்ன பேச்சை ஒருநாளும் தட்டாத பிள்ளை என்று நினைத்து, ராத்திரியெல்லாம் விம்மிக்கொண்டு கிடந்தாள். பிள்ளையைப் போகச் சொன்ன தன் வாயை அவளால் மன்னிக்க முடியவில்லை.

விடிந்ததும் குளித்து, யூனிஃபாரத்தைப் போட்டுக்கொண்டு கிளம்பினாள். வாசலில் நின்றபோது பழக்கத்தில் உதடு பிரிந்தது. சொல்லக்கூடாது. பல்லைக் கடித்துக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் கதவைச் சாத்தினாள். பூட்டைத் தொங்கவிட்டுச் சாவியைத் திருப்பினாள். பஸ் வரும் நேரம். தெருவில் இறங்க ஒரு காலை எடுத்து வைத்தாள்.

பூட்டிய வீட்டுக்குள்ளிருந்து, ஜன்னல் கம்பியில் வெள்ளிக் காப்புப் படுகிற சத்தம் கேட்டது. அவள் சொல்லாமல் விட்டதற்குத்தான் அந்தப் பதில்.

டக் டக்.